முத்துக்குளித்துறையின் முதல் தமிழ் அச்சு நூல்கள்: கடல் கடந்த கூட்டுறவும் அறப்பணியும்

முத்துக்குளித்துறை என்பது கன்னியாகுமரி தொடங்கித் தூத்துக்குடி, வேம்பாறு வழியாக இராமேசுவரம் நோக்கி நீளும் கடற்கரைப் பகுதிக்கு வழங்கிய பெயராகும். கி.பி. 16-ஆம் நூற்றாண்டில் இக்கரையின் தலைமை ஊர்களுள் ஒன்றாக இருந்தது புன்னைக்காயல். தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த இவ்வூரை நடுவமாகக் கொண்டு, 1578 முதல் 1586 வரையிலான எட்டு ஆண்டுகளில் நான்கு தமிழ் நூல்கள் அச்சேறின. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ இவற்றுள் ஒன்று.

போர்த்துகல், இசுபெயின், இத்தாலி ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்களும் கோவா, கொல்லம், கொச்சி ஆகிய ஊர்களில் இருந்தவர்களும் இப்பணியில் பங்கேற்றனர். அச்சுச் செலவுக்கான பணத்தை அளித்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர். நூல்களை உருவாக்கிய அதே துறவிகள் புன்னைக்காயலில் ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்றையும் நடத்தினர். எனவே இது அச்சின் வரலாறாக மட்டும் அமையாமல், ஒரு சிறிய பதிப்புப் பணி அயல்நாட்டாரோடு கொண்ட பண்பாட்டுக் கூட்டுறவின் வரலாறாகவும் அறப்பணியின் வரலாறாகவும் அமைகிறது.

கடற்கரையும் மக்களும்

பாண்டியரின் துறைமுகமான கொற்கை, முத்துக்குப் பெயர் பெற்ற ஊர் எனச் சங்க இலக்கியம் கூறுகிறது. ஆறு கொண்டுவந்த மண் படிந்து கடல் விலகியதால் கொற்கை இன்று உள்நாட்டு ஊராகி விட்டது. அதன்பின் துறைமுகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நாட்டுப் பயணி மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் விரிவாகக் குறித்துள்ளார். பழையகாயலும் தூர்ந்துபோகவே புன்னைக்காயல் எழுந்தது. தூத்துக்குடி தலைமை இடத்தைப் பெற்றது அதற்கும் பின்னரே.

கடலடியில் முத்துச்சிப்பிகள் படிந்து வளரும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பர். குளிப்பவர் காலடியில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழத்தில் உள்ள பாரில் இறங்குவார். தோணியில் நிற்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலே இழுப்பார். கயிறு பிடிப்பவரின் கவனத்தில்தான் குளிப்பவரின் உயிர் இருந்தது. சுறா தாக்கும் அச்சமும் எப்போதும் உண்டு. எல்லா ஆண்டும் முத்துக் கிடைப்பதில்லை. சில சமயம் தொடர்ந்து பல ஆண்டுகள் பாரில் சிப்பியே இராது. அக்காலங்களில் மீன்பிடிப்பும் சங்கு குளிப்பும் இம்மக்களைக் காத்தன.

முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசல்கள் முற்றியபோது பரதவரின் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சியில் இருந்த போர்த்துக்கேயரின் உதவியை நாடினர். அதன் தொடர்ச்சியாக 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பரதவர் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் அவர்களுக்குப் புதிய சமயத்தைத் தமிழில் எடுத்துச் சொல்ல அப்போது எவரும் இல்லை. இக்குறையே பின்னர் தமிழ் அச்சு நூல்கள் தோன்றக் காரணமாயிற்று.

1542-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். போர்த்துக்கேய மொழியும் தமிழும் ஓரளவு அறிந்த உள்ளூர் மக்களின் துணையுடன் அடிப்படை மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். அந்த மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. ‘நம்புகிறேன்’ என்று பொருள்பட வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நின்றதை அவரே 1544-இல் உணர்ந்து, ‘விசுவாசம்’ என்ற சொல்லைக் கொண்டு திருத்துமாறு தம் உடன்பணியாளருக்கு மடல் எழுதினார். ஒரு சொல் மாறினால் பொருளே மாறிவிடும் என்பதை உணர்த்தும் இந்நிகழ்ச்சி, தமிழை முறையாகக் கற்க வேண்டிய தேவையையும் காட்டியது.

லிசுபனில் மூன்று தமிழர்கள்

தமிழ் மொழி முதன்முதலில் அச்சேறிய இடம் போர்த்துகலின் தலைநகரான லிசுபன். 1554-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று ‘கார்த்தில்யா’ என்ற சிறு நூல் அங்கே அச்சாகி வெளிவந்தது. தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டுப் போர்த்துக்கேயப் பொருளும் உடன் தரப்பட்டது. மன்னர் மூன்றாம் ஜான் காலத்தில் வெளிவந்த இந்நூலின் படி லிசுபனில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

இந்நூலை உருவாக்கியவர்கள் விசென்த் தெ நசரேத், ஜார்ஜ் கர்வாலோ, தோமா தெ குரூஸ் என்ற மூவர். பெயர்கள் போர்த்துக்கேயப் பெயர்களாக இருப்பினும் இவர்கள் லிசுபனில் தங்கியிருந்த இந்தியர், தமிழ் அறிந்தவர்கள். திருமுழுக்கின்போது சூட்டிய பெயர்களே நூலில் இடம்பெற்றன. அவர்களுடைய தமிழ்ப் பெயர்கள் வரலாற்றில் நிற்கவில்லை. தமிழில் முதல் அச்சு நூலைத் தந்தவர்களின் சொந்தப் பெயரே மறைந்துபோனது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அண்டிரிக் அடிகளார்

தமிழ் அச்சு வரலாற்றின் நடுநாயகமாக விளங்குபவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். தமிழ் மக்கள் இவரை அண்டிரிக் அடிகளார் என அழைத்தனர். 1520-இல் போர்த்துகலின் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தவர். யூத மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதால் முன்னர்ச் சேர்ந்த துறவற சபையிலிருந்து வெளியேற நேர்ந்தது. பின்னர் 1545-இல் கொயிம்பிராவில் இயேசு சபையில் சேர்ந்து, 1546-இல் கோவா வந்தடைந்தார். மறு ஆண்டே முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளை இக்கடற்கரை மக்களிடையே கழித்தார்.

1549-இல் வேதாளை என்ற ஊரில் அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியத் துறவி கொல்லப்பட்டபோது, முத்துக்குளித்துறைப் பணியின் தலைமைப் பொறுப்பு அண்டிரிக் அடிகளாரிடம் வந்தது. அடிகளார் தமிழைப் பேசவும் எழுதவும் கற்றதோடு, தமக்குப் பின் வருவோர்க்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றைப் போர்த்துக்கேய மொழியில் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் இதுவே எனக் கருதப்படுகிறது. பண்டிதர் போற்றிய செய்யுள் வழக்கை விடுத்து, அக்கால மக்கள் பேசிய தமிழை அடிப்படையாகக் கொண்டது இந்நூல். லிசுபன் தேசிய நூலகத்தில் கையெழுத்துப் படியாக இருந்த இதனை 1982-இல் செருமானிய அறிஞர் ஃபெர்மேர் பதிப்பித்தார். ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல் ஆர்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளிவந்தது.

தமிழைக் கற்பிப்பதற்கெனக் கல்விக்கூடம் ஒன்று மன்னாரிலோ புன்னைக்காயலிலோ அமைய வேண்டும் என்றும் அடிகளார் வலியுறுத்தினார். ஐரோப்பாவிலிருந்து வருவோர் மொழிபெயர்ப்பாளரை நம்பி இராமல் தாமே தமிழ் பேச வேண்டும் என்பது அவர் கருத்து.

எழுத்து வார்த்த கதை

இந்தியாவுக்கு முதல் அச்சுப்பொறி 1556-ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. அபிசீனியா நாட்டுக்கு எனப் போர்த்துகலிலிருந்து புறப்பட்ட அப்பொறி கோவாவில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. அதனுடன் வந்தவை உரோமன் எழுத்துகள் மட்டுமே. தமிழ் நூல் அச்சிடத் தமிழ் எழுத்துகளைப் புதிதாக வார்க்க வேண்டியிருந்தது.

1574-இல் கோவா வந்த இயேசு சபைப் பார்வையாளர் அலெக்சாந்திரோ வலிஞானோ என்ற இத்தாலியர், அந்தந்த நாட்டு மொழியிலேயே நூல்கள் வேண்டும் என்ற கொள்கை உடையவர். இவரே பின்னர் சப்பான் நாட்டுக்கும் அச்சுப்பொறியைக் கொண்டுசெல்ல ஏற்பாடு செய்தவர். ஐரோப்பா சென்று திரும்பிய சப்பானிய இளைஞர் குழுவோடு வந்த அப்பொறி வழியில் கோவாவில் தங்கி, 1588-இல் அங்கு ஒரு நூலையும் அச்சிட்டது. எனவே தமிழ் அச்சும் சப்பானில் தோன்றிய ஐரோப்பிய முறை அச்சும் ஒரே மனிதரின் திட்டத்தோடு தொடர்பு கொண்டவை ஆகின்றன.

1577-இல் கோவாவில் ஜுவான் கொன்சால்வெஸ் என்ற இசுபானியர் முதல் தமிழ் எழுத்துகளை வார்த்தார். அவருக்கு எழுத்தின் வடிவங்களைச் சொல்லி உதவியவர் பெரோ லூயிஸ். கொல்லம் பகுதியைச் சேர்ந்த அந்தணரான இவர், கிறித்தவராகி இயேசு சபையில் சேர்ந்தவர். கோவாவில் வார்த்த எழுத்துகள் நிறைவாக அமையாததால், ஜான் தெ ஃபாரியா என்ற துறவி 1578-இல் கொல்லத்தில் வேறொரு எழுத்துத் தொகுதியை வார்த்தார். இவ்விரு தொகுதிகளும் ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் இறுதிப் பக்கத்தில் ஊரும் ஆண்டும் குறித்து அச்சிடப்பட்டுள்ளன. எந்த எழுத்து எங்கே பிறந்தது என்பதை அந்நூலே சொல்வதால் ஆய்வாளர்க்கு இப்பக்கம் பெருஞ்செல்வமாக உள்ளது.

அக்கால ஓலைச்சுவடி வழக்கத்தையே அச்செழுத்தும் பின்பற்றியது. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. இன்று ஒருவர் அந்நூலைக் கையில் எடுத்தால் எழுத்தைக் கூட்டிப் படிக்கவே இடர்ப்படுவார். சுவடி படித்துப் பழகிய அக்காலத்தவர்க்கோ அது பழகிய வடிவமாகவே இருந்தது.

நான்கு நூல்கள்

தம்பிரான் வணக்கம்: 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி நிறைவுற்றது. பதினாறு பக்கங்கள் கொண்ட சிறு நூல். சமயத்தின் அடிப்படை மன்றாட்டுகளும் கட்டளைகளும் அடங்கியது. அண்டிரிக் அடிகளாரும் மனுவேல் தெ சான் பெத்ரோ என்பவரும் தமிழாக்கத்தில் பங்கு கொண்டனர். இந்நூல் புன்னைக்காயலில் அச்சானது என்று பலரும் எழுதி வருகின்றனர். நூலிலேயே கொல்லம் என்ற பெயர் இருப்பதால் அக்கூற்று பொருந்தாது. நூலை உருவாக்கிய அடிகளாரின் பணிக்களமாகப் புன்னைக்காயல் இருந்ததே இந்தக் குழப்பத்திற்குக் காரணம் எனலாம்.

கிரிசித்தியானி வணக்கம்: 1579-ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று கொச்சியில் அச்சாயிற்று. மார்க்கோஸ் ஜார்ஜ் என்ற போர்த்துக்கேயத் துறவி எழுதிய மறைக்கல்வி நூலின் தமிழாக்கம். ஆசிரியரும் மாணவரும் வினாவி விடை சொல்லும் முறையில் அமைந்தது. முந்தைய நூலை விடப் பல மடங்கு பெரியது.

கொம்பெசியோனாயரு: 1580-இல் கொச்சியில் அச்சானது. பாவ அறிக்கை செய்வது எவ்வாறு என்பதை விளக்கும் நூல். மக்களின் அன்றாட வாழ்க்கையில் நேரும் தவறுகளை வினாக்களாகத் தொகுத்துத் தருவதால், அக்காலக் கடற்கரைச் சமூகத்தின் பழக்கவழக்கங்களை அறிய விரும்புவோர்க்கு இது பயன்படும்.

அடியார் வரலாறு: ‘புளோஸ் சாங்தோரும்’ என்ற பெயருடைய இந்நூல் 1586-இல் வெளிவந்தது. அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். ஆண்டின் திருநாள்களையொட்டிப் புனிதர்களின் வாழ்க்கையைக் கூறுவது. இது அச்சான ஊர் புன்னைக்காயல் என்பாரும் கொச்சி என்பாரும் ஆய்வாளரிடையே உள்ளனர். நெடிய தமிழ் உரைநடை அச்சில் வந்தது இந்நூலில்தான். கடற்கரை மக்களிடையே வழங்கிய பேச்சுத் தமிழும் வடசொல்லும் போர்த்துக்கேயச் சொல்லும் இதில் கலந்து வருகின்றன. தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்வோர் இந்நூலைத் தவிர்க்க முடியாது.

இக்கூட்டுறவு மொழியிலும் தடம் பதித்தது. மேசை, சன்னல், சாவி, அலமாரி, பாதிரி முதலிய போர்த்துக்கேயச் சொற்கள் தமிழில் நிலைத்துவிட்டன. இன்று இவற்றை அயற்சொல் என்று எவரும் எண்ணுவதில்லை.

செலவை ஏற்றவர்கள்

அச்சுப் பணி பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. எழுத்து வார்க்க உலோகமும் தேர்ந்த கைவினைஞரும் தாளும் வேண்டும். இச்செலவுக்கு முத்துக்குளித்துறை மக்கள் 400 குருசாடோ அளித்தனர். குருசாடோ என்பது அக்காலப் போர்த்துக்கேய நாணயம். தங்கள் மொழியில் நூல் வேண்டும் என்று மக்களே விரும்பிக் கேட்டதையும், அதற்குப் பொருள் உதவியதையும் அண்டிரிக் அடிகளார் தம் முன்னுரையில் நன்றியுடன் குறிப்பிட்டு, நூலை அவர்களுக்கே உரிமையாக்குகிறார்.

இச்செய்தியின் சிறப்பு எளிதில் புலப்படும். அந்நாளில் ஐரோப்பாவிலும் நூல் வெளியிட அரசரோ செல்வரோ திருச்சபைத் தலைவரோ பொருள் தந்தனர். இங்கோ மூச்சடக்கிக் கடலில் இறங்கிய மக்களின் உழைப்பிலிருந்து அச்சுக்கூலி வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். கோயிலில் கணக்கப்பிள்ளையோ உபதேசியாரோ உரக்கப் படிக்கக் கேட்பதே அவர்களுக்கு நூலின் பயன். தாம் படிக்க இயலாத நூலுக்குத் தம் பிள்ளைகளை முன்னிட்டுப் பணம் தந்தனர் என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

ஆயினும் இக்கூட்டுறவைச் சமமானவர்களின் கூட்டுறவு என்று கூற இயலாது. முத்துக்குளிப்பில் போர்த்துக்கேய அரசு வரி பெற்றது. கடலில் பாதுகாப்பும் அவர்கள் கையில் இருந்தது. எந்த நூலை மொழிபெயர்ப்பது என்பதை முடிவு செய்தவர்களும் அயல்நாட்டவரே. பொருளும் மொழியறிவும் உழைப்பும் இம்மக்களுடையவை. நூல்களின் முகப்பில் நின்ற பெயர்களோ பெரும்பாலும் பிறருடையவை.

மருத்துவமனையும் பிற அறப்பணிகளும்

1550-களில் அண்டிரிக் அடிகளாரின் முயற்சியால் புன்னைக்காயலில் ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்று நடைபெற்றது. ஐரோப்பிய முறையில் தமிழகத்தில் அமைந்த தொடக்ககால மருத்துவமனைகளுள் இது ஒன்று. இதனை நடத்தும் செலவும் இக்கரையிலேயே திரட்டப்பட்டது. மக்கள் மனமுவந்து தந்த காணிக்கையும், ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவர்களிடம் பெற்ற தண்டப் பணமும் இதற்குச் செலவிடப்பட்டன.

கடல் தொழிலில் கணவனை இழந்த பெண்களும், நோயுற்றுத் தொழில் செய்ய இயலாதவரும், பஞ்ச காலத்தில் உணவின்றித் தவித்தவரும் இக்கரையில் எப்போதும் இருந்தனர். முத்துக்குளிப்பு இல்லாத ஆண்டுகளில் வறுமை மிகுந்தது. எனவே மருத்துவமனையும் ஏழைகளுக்கான உதவியும் சமயப் பணிக்குத் துணையானவையாக மட்டும் கருதத்தக்கவை அல்ல. இம்மக்களின் வாழ்வுக்கு இன்றியமையாதவையாக இருந்தன. ஊர்தோறும் சிறுவர்க்கு மன்றாட்டும் எழுத்தும் கற்பிக்க ஆள்கள் அமர்த்தப்பட்டனர். பின்னாளில் அச்சான நூல்கள் இவர்களின் கையில் பாடநூலாகவும் பயன்பட்டன.

இப்பணிகள் அமைதியான சூழலில் நடைபெறவில்லை. 1553-இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது அண்டிரிக் அடிகளாரும் சிறைப்பட்டுப் பின்னர் மீண்டார். 1560-இல் மதுரை நாயக்கர் படை புன்னைக்காயலைத் தாக்கியது. அவ்வாண்டு போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைக் கைப்பற்றி அங்குக் கோட்டை அமைத்தனர். பரதவரில் ஒரு பகுதியினர் மன்னாருக்குக் குடிபெயர்ந்தனர். பின்னர் அவர்களுள் பலர் திரும்பி வந்தனர். ஊர் இரு முறை அழிவைக் கண்ட அதே தலைமுறையே 400 குருசாடோ திரட்டி நூல் அச்சிட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பணி நின்ற விதம்

1586-க்குப் பின் இந்த அச்செழுத்துகளால் முத்துக்குளித்துறைக்கென வேறு தமிழ் நூல் வந்ததாகத் தெரியவில்லை. அண்டிரிக் அடிகளார் முதுமையுற்று, 1600-ஆம் ஆண்டு பிப்ரவரியில் புன்னைக்காயலில் காலமானார். அவரது உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. 1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி கற்றோரைக் கருத்தில் கொண்டு எழுதிய நூல்கள் அவர் காலத்தில் ஓலையில் படியெடுக்கப்பட்டே பரவின.

தமிழில் அடுத்த பெரிய அச்சுப் பணி மலையாளக் கரையில் அம்பலக்காட்டில் நிகழ்ந்தது. அந்தம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ் - போர்த்துக்கேய அகராதி 1679-இல் அங்கு வெளிவந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய அச்சகம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதற்கு இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும் செருமனியின் ஆல்லே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. முத்துக்குளித்துறையில் தொடங்கிய பணி தொடர்ந்திருப்பின் இந்த நூற்றாண்டுக்கால இடைவெளி ஏற்பட்டிராது.

1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். கத்தோலிக்கத் துறவிகள் இக்கரையில் வெளிப்படையாகப் பணியாற்ற இயலாத நிலை வந்தது. காலப்போக்கில் இந்நூல்கள் தாம் பிறந்த கடற்கரையில் முற்றிலும் மறைந்தன. பணம் தந்த மக்களின் வழிவந்தோர் அப்படி நூல்கள் இருந்ததையே மறந்தனர்.

நூல்கள் திரும்பி வந்த கதை

நூல்கள் பிழைத்திருந்தது ஐரோப்பிய நூலகங்களில். ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் படி அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தைச் சென்றடைந்தது. இயேசு சபை வரலாற்றறிஞர் சூர்ஹாமரும் காட்ரெல் என்பவரும் 1952-இல் அதைப்பற்றி விரிவாக எழுதினர். ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூலகத்திலும் கோபன்கேகன் நூலகத்திலும் உள்ளது. ‘கொம்பெசியோனாயரு’ ஆக்சுபோர்டில் உள்ள போட்லியன் நூலகத்தில் இருப்பதை 1982-இல் கிரகாம் ஷா உலகுக்கு அறிவித்தார்.

இந்நூல்களைத் தமிழ் மக்களுக்கு மீண்டும் அறிமுகப்படுத்தியதில் தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு சிறிய பதிப்பு நிறுவனத்திற்குப் பெரும்பங்கு உண்டு. அதுவே தமிழ் இலக்கியக் கழகம். இதனை நிறுவியவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். 1913-இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் பிறந்தவர். உரோமையில் பயின்று, தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்ற வந்து, வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது தமிழை ஆழ்ந்து கற்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று பட்டம் பெற்றார்.

தமிழின் சிறப்பை அயல்நாட்டாரும் அறிய வேண்டும் என்ற எண்ணத்துடன் 1952-இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். அதன் தொடக்க இதழ்கள் தூத்துக்குடியிலிருந்து வெளிவந்தன. பல நாட்டு அறிஞர்கள் அதில் எழுதினர். உலகின் நூலகங்களைத் தேடிச் சென்ற தனிநாயகம் அடிகளார், ஐரோப்பிய நூலகங்களில் உள்ள தமிழ்ச் சுவடிகளைப் பற்றியும் முதல் தமிழ் அச்சு நூல்களைப் பற்றியும் அவ்விதழில் கட்டுரைகள் எழுதினார். புரோயென்சாவின் அகராதியை அவர் முயன்று 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். 1964-இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெறவும் முன்னின்றவரும் அவரே.

இயேசு சபைத் துறவி ச. இராசமாணிக்கம், ‘அடியார் வரலாறு’ நூலை இக்கால எழுத்தமைப்பில் படித்தறியும் வகையில் செப்பம் செய்தார். தூத்துக்குடி தமிழ் இலக்கியக் கழகம் 1967-இல் அதனை வெளியிட்டது. நொபிலியின் உரைநடை நூல்களும் அவ்வாறே அவர் பதிப்பில் கழக வெளியீடுகளாக வந்தன. 1586-இல் இக்கரை மக்களுக்கென அச்சான நூல் 381 ஆண்டுகள் கழித்து இக்கரையிலேயே மறுபடியும் அச்சேறியது.

மதிப்பீடு

முத்துக்குளித்துறையின் பதிப்புப் பணியிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, தமிழ் அச்சு ஒரு நாட்டவரால் மட்டும் உருவானதன்று. இசுபானியர் எழுத்தை வார்த்தார், கொல்லத்துத் தமிழறிந்தவர் வடிவம் சொன்னார், இத்தாலியர் ஆணையிட்டார், போர்த்துக்கேயர் மொழிபெயர்த்தார், பரதவர் பொருள் கொடுத்தனர். இவர்களுள் ஒருவர் குறைந்திருப்பினும் பணி நடந்திராது.

இரண்டாவது, நூல் வெளியீடும் அறப்பணியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. நோயுற்றவரைப் பேணிய இடத்தில்தான் மக்கள் நம்பிக்கை வைத்துப் பணம் கொடுத்தனர். அந்த நம்பிக்கையே நூலாயிற்று.

மூன்றாவது, ஒரு நூலை அச்சிடுவதோடு கடமை முடிவதில்லை. அதைப் பேணிக் காக்கும் நூலகமும் அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் சொல்லும் பள்ளியும் வேண்டும். அவை இல்லாததால் முத்துக்குளித்துறை தன் நூல்களை இழந்தது. ஆர்வர்டும் வத்திக்கானும் கோபன்கேகனும் ஆக்சுபோர்டும் பேணியதால் தமிழ் தன் முதல் அச்சு நூல்களை மீண்டும் பெற்றது.

புன்னைக்காயல் இன்று அமைதியான ஒரு மீனவர் சிற்றூர். தூத்துக்குடித் துறைமுகம் பெருங்கப்பல்கள் வந்து செல்லும் இடமாக வளர்ந்துள்ளது. அரசு நடத்திவந்த முத்துக்குளிப்பு 1960-களின் தொடக்கத்திற்குப் பின் மன்னார் வளைகுடாவில் நடைபெறவில்லை. இக்கரையின் பள்ளி மாணவர்கள் குட்டன்பர்க் என்ற பெயரைப் பாடத்தில் படிக்கின்றனர். அதனோடு, தம் முன்னோர் கொடுத்த காசில் தமிழ் எழுத்து அச்சேறியதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.